யூனிக்ஸ் சர்வரில் கடவுச்சொல் தகராறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

காலை எட்டே காலுக்குத் தொலைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். சிங்கப்பூரில் துவாஸ் கிடங்கிலிருந்து ஒரு தம்பி பேசுவார். "அண்ணே, சிஸ்டம் உள்ளே விட மாட்டேங்குது. பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துடுங்க, வெளியே லாரி நிக்குது."

ஆரம்பத்தில் நானும் கேட்ட உடனே மாற்றிக் கொடுத்துவிடுவேன். அவரும் உள்ளே போவார், லாரியும் கிளம்பும். பத்து நிமிடம் கழித்து அதே கணக்கு மறுபடியும் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து அதே நேரத்தில், அதே காரணத்துக்காக, அதே தொலைபேசி வரும். கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பது வலிமாத்திரை போடுவது போலத்தான். நோய் எதுவென்று காட்டக்கூடிய தடயம் அத்தோடு அழிந்துபோகிறது. அதனால் இப்போதெல்லாம் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதலில் மூன்று கட்டளைகளை ஓட்டிப் பார்க்கிறேன். ஜூரோங்கிலும் தை செங்கிலும் பல வருடமாக இதையே திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கொடி எழுத்து (கட்டளைக்குப் பின்னால் கோடு போட்டுச் சேர்ப்பது) பெரியதா சின்னதா என்பது முக்கியம் என்கிற இடத்தில் அதைச் சொல்லியிருப்பேன். நான் அதிகம் கையாள்வது லினக்ஸ் வகைகளான உபுண்டுவும் ரெட் ஹாட்டும், அதனால் பெரும்பாலும் அவற்றையே வைத்துப் பேசுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் ஒரு நிமிடம்

ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்காக) நுழைந்து 'சேஜ்' கட்டளையைச் சின்ன எல் கொடியோடும் பயனர் பெயரோடும் ஓட்டுங்கள். சேஞ்ச், ஏஜ் என்ற இரண்டு சொற்களும் ஒட்டிய பெயர் அது; தட்டும்போது சி, எச், ஏ, ஜி, ஈ. கடவுச்சொல் கடைசியாக மாறிய நாள், காலாவதியாகும் நாள், கணக்கே முடியும் நாள் எல்லாம் வரிசையாக வரும்.

அடுத்தது 'பாஸ்வேர்ட்' கட்டளை, ஓ, ஆர் இரண்டையும் விட்டு எழுதுவோமே, அது. பெரிய எஸ் கொடியோடு ஓட்டினால் ஒரே ஒரு வரி வரும். அதில் இரண்டாவது சொல்லைப் பாருங்கள். பி அல்லது பிஎஸ் என்றால் கடவுச்சொல் இருக்கிறது. எல் அல்லது எல்கே என்றால் யாரோ பூட்டியிருக்கிறார்கள். என்பி என்றால் கடவுச்சொல்லே கிடையாது.

மூன்றாவது 'ஃபெயில்லாக்', இரட்டைக் கோடு யூசர் என்ற கொடியோடு. தவறாகத் தட்டிய முயற்சிகள், அவை எப்போது நடந்தன, எங்கிருந்து வந்தன என்று ஒரு பட்டியல் கிடைக்கும்.

சேஜ் கட்டளை 'அந்தப் பயனர் பாஸ்வேர்ட் கோப்பில் இல்லை' என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். அவர் டொமைன் கணக்கு வைத்திருப்பவர். அவருடைய விதிகள் எல்டேப், ஆக்டிவ் டைரக்டரி போன்ற, நிறுவனம் முழுக்கப் பொதுவான பயனர் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் சர்வரில் எதைத் திருத்தினாலும் பயனில்லை, டைரக்டரியைப் பார்ப்பவரிடம் அனுப்புங்கள்.

அறிகுறி 1: நேற்று மாலை வரை நுழைந்தவர், இன்று காலை முடியவில்லை என்கிறார்

எட்டு மணியை ஒட்டி வரும் புகார்களில் பாதி இதுதான். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. கடவுச்சொல் விவரங்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பு நாட்களை 1970 ஜனவரி 1-லிருந்து கிரீன்விச் நேரப்படி எண்ணுகிறது. சிங்கப்பூர் கடிகாரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் யூனிக்ஸுக்குப் புதிய நாள் நம் நள்ளிரவில் பிறப்பதில்லை, காலை எட்டு மணிக்குத்தான் பிறக்கிறது. ஏழரைக்கு வந்து நுழைந்தவருக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து மேசைக்காரர் எட்டு ஐந்துக்கு வந்தால் அவரை உள்ளே விடாது. இருவரும் ஒரே நாளில் கடவுச்சொல் மாற்றியவர்களாக இருப்பார்கள். இது தெரியாத காலத்தில் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டு ஒரு முழுக் காலையை வீணாக்கியிருக்கிறேன்.

மாற்றச் சொல்லிக் கேட்கிறது என்றால்: சாதாரணக் காலாவதிதான். பழையதைத் தட்டி, பிறகு புதியதை இரண்டு முறை தட்டச் சொல்லுங்கள். நிறையப் பேர் முதலிலேயே புதியதைத் தட்டிவிட்டு 'தப்பு என்கிறது' என்பார்கள். முதலில் கேட்பது பழையது என்று சொன்னாலே பாதி அழைப்பு முடிந்துவிடும்.

கேட்கக்கூட இல்லை, 'கணக்கு காலாவதி, நிர்வாகியைப் பாருங்கள்' என்று வெளியே தள்ளுகிறது என்றால்: இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, திரையில் வரும் செய்தி இரண்டுக்கும் ஒன்றே. லாகை, அதாவது சர்வரின் பதிவுக் கோப்பை, பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். உபுண்டுவில் /வார்/லாக்/ஆத்.லாக், ரெட் ஹாட்டில் /வார்/லாக்/செக்யூர். அந்த வரியின் முடிவில் அடைப்புக்குள் 'அக்கவுன்ட் எக்ஸ்பயர்ட்' என்று இருந்தால் கணக்கின் ஆயுளே முடிந்திருக்கிறது. 'ஃபெயில்ட் டு சேஞ்ச் பாஸ்வேர்ட்' என்று இருந்தால் கடவுச்சொல் காலாவதியாகி, அதற்குப் பிறகு கொடுத்த சலுகை நாட்களும் தீர்ந்திருக்கின்றன.

இரண்டாவது வகை ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போய்த் திரும்புபவர்களுக்கும், தீபாவளிக்கு ஊருக்குப் போய் நீண்ட விடுப்பை முடித்துக்கொண்டு வருபவர்களுக்கும்தான் அதிகம் வரும். ரூட்டாக ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்துவிட்டு, உடனே சேஜ் கட்டளையில் சின்ன டி கொடிக்குச் சுழியம் கொடுங்கள். அடுத்த நுழைவில் அவரே மாற்றிக்கொள்வார்.

முதல் வகை பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்களுக்கு வரும். கணக்கு முடியும் தேதியைப் பெரிய ஈ கொடியில் கொடுப்போம். ஜூன் 30 என்று கொடுத்தால் 30-ஆம் தேதி முழுவதும் வேலை செய்யும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தத் தேதி பிறந்த உடனேயே கணக்கு மூடிவிடும், நமக்கு அது 30-ஆம் தேதி காலை எட்டு மணி. கடைசி நாளில் வேலையை ஒப்படைக்க வந்த ஒருவர் நுழைய முடியாமல் சங்கடப்பட்டு நின்றதைப் பார்த்ததிலிருந்து, கடைசி வேலைநாளுக்கு மறுநாளைத்தான் போடுகிறேன். நீட்டிப்பதற்கு முன் ஒப்பந்தம் உண்மையிலேயே நீட்டிக்கப்பட்டதா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இது நீங்களாக முடிவெடுக்கும் விஷயம் இல்லை.

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் காலாவதி என்றால்: யாருடைய கடவுச்சொல்லையும் தொடாதீர்கள். 'டேட்' கட்டளையை ஓட்டுங்கள். சர்வரின் கடிகாரம் சில மாதம் முன்னால் பாய்ந்திருக்கும். நேரத்தைச் சரிசெய்தால் எல்லாம் தானாகத் திரும்பும்.

அறிகுறி 2: சரியாகத்தான் தட்டுகிறேன், தப்பு என்கிறது

கேப்ஸ் லாக்கை முதலில் கேளுங்கள். சீன உள்ளீட்டு முறை மாறியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பொதுக் கணினிகளில் முந்தைய ஷிப்ட் ஆள் மாற்றிவிட்டுப் போயிருப்பார். பயனர் பெயர் போடும் இடத்தில் தட்டிப் பார்க்கச் சொன்னால் என்ன விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பார்த்ததும் மறக்காமல் அழிக்கச் சொல்லுங்கள். அங்கே தட்டிய கடவுச்சொல்லோடு என்டரை அழுத்திவிட்டால் அது லாகில் பயனர் பெயராகவே பதிவாகிவிடலாம்.

அதில் தவறில்லை என்றால் ஃபெயில்லாக் பட்டியலைப் பாருங்கள். யாரும் மாற்றாத வரைக்கும் விதி இதுதான்: 15 நிமிடத்துக்குள் மூன்று தடவை தவறினால் பத்து நிமிடம் பூட்டு. அந்தப் பத்து நிமிடமும் சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் 'தப்பு' என்றுதான் வரும். அதனால்தான் பயனர் சத்தியம் செய்கிறார், அவர் சொல்வது உண்மைதான். இரட்டைக் கோடு ரீசெட் கொடியால் கணக்கைத் திறந்துவிடலாம். சில இடங்களில் திறக்கும் நேரத்துக்குச் சுழியம் போட்டு வைத்திருப்பார்கள். அப்போது தானாகத் திறக்கவே திறக்காது, நிர்வாகிதான் திறக்க வேண்டும். /ஈடிசி/செக்யூரிட்டி அடைவில் ஃபெயில்லாக்.கான்ஃப் கோப்பில் இது இருக்கும்.

திறந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பூட்டுகிறது என்றால், பட்டியலில் 'சோர்ஸ்' என்ற பத்தியைப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்தப் பத்தியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஒரு கிடங்கு மேற்பார்வையாளரின் கணக்கை ஒரே நாளில் ஆறு தடவை திறந்துவிட்டேன். ஏழாவது தடவைதான் பட்டியலை நிதானமாகப் படித்தேன். அவர் மேசையில் உட்காராத நேரத்திலும், தேநீர் இடைவேளையிலும்கூட, சரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே ஐபி முகவரியிலிருந்து தவறான முயற்சி. அந்த ஐபி லேபிள் அச்சிடும் ஒரு பழைய கணினி. கோப்புகளை இழுத்துவர அவருடைய கணக்கை எப்போதோ அதில் போட்டு வைத்திருந்தார்கள், பழைய கடவுச்சொல்லோடு. அதை நிறுத்தி, அந்த வேலைக்கென்று தனிக் கணக்கு கொடுத்த பிறகுதான் பூட்டு ஓய்ந்தது.

பழைய சர்வர்களில் ஃபெயில்லாக்குக்குப் பதில் 'டாலி2' இருக்கும். நுழைவைச் சரிபார்க்கும் லினக்ஸ் பிஏஎம் தொகுப்பின் 1.5 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். மேம்படுத்திய மறுநாள் யாருமே நுழைய முடியவில்லை என்றால், பிஏஎம் கோப்புகளில் டாலி2 வரி மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள்.

பாஸ்வேர்ட் கட்டளை எல் என்று காட்டினால் அது நிர்வாகி போட்ட பூட்டு. ஷேடோ கோப்பில் கடவுச்சொல்லின் மறைக்குறிக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். சின்ன யு கொடியால் திறக்கலாம். ஆனால் யார் எதற்காகப் பூட்டினார்கள் என்று தெரியாமல் திறக்காதீர்கள். விசாரணையில் இருக்கும் ஊழியரின் கணக்காகக்கூட இருக்கலாம்.

அறிகுறி 3: புதிய கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது

'பேட் பாஸ்வேர்ட்' என்று காரணத்தோடு வந்தால் அந்தக் காரணத்தைப் பயனரிடம் அப்படியே படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீளம் குறைவா, அகராதிச் சொல்லா, பழையதைப் போலவே இருக்கிறதா என்று அதிலேயே இருக்கும். சந்தேகம் என்றால் 'பிடபிள்யூஸ்கோர்' கட்டளையில் ஒரு மாதிரிச் சொல்லைத் தட்டிப் பாருங்கள். பயனரின் உண்மையான கடவுச்சொல்லை அதில் தட்டாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள்.

'முன்பே பயன்படுத்தியது' என்று வந்தால் பழைய கடவுச்சொற்களின் வரலாறு தடுக்கிறது. வேறு ஒன்று வைக்கச் சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த வரலாறு /ஈடிசி/செக்யூரிட்டி/ஓபாஸ்வேர்ட் கோப்பில் இருக்கிறது. அதை அழித்து உதவி செய்யும் பழக்கம் வேண்டாம்.

'இன்னும் காத்திருக்க வேண்டும்' என்று வந்தால் குறைந்தபட்ச நாள் விதி. புதிதாகச் சேர்ந்தவருக்குக் காலையில் தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்திருப்பீர்கள். அவர் நல்ல பிள்ளையாக அன்றே மாற்றப் பார்ப்பார், ஒரு நாள் பொறு என்று சர்வர் தடுக்கும். சேஜ் கட்டளையில் சின்ன டி கொடிக்குச் சுழியம் கொடுத்தால் தடை விலகும். அதனால் தற்காலிகக் கடவுச்சொல்லையும் இந்தச் சுழியத்தையும் எப்போதும் சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது.

'ஆத்தென்டிகேஷன் டோக்கன் மேனிபுலேஷன் எரர்' என்று வந்தால்தான் கொஞ்சம் உட்கார வேண்டும். இந்தச் செய்தி காரணத்தைச் சொல்லாது. நான் போகும் வரிசை இது. பயனர் பழையதைத் தவறாகத் தட்டினாரா? அடுத்து 'டிஎஃப்': வட்டு நிறைந்திருந்தால் ஷேடோ கோப்பை எழுத முடியாது. சின்ன ஐ கொடியோடும் ஒரு தடவை ஓட்டுங்கள். இடம் இருந்தும் ஐநோடு (கோப்புக்கு ஒன்றாக வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கலாம். அப்புறம் 'மவுன்ட்' கட்டளையில் ரூட் கோப்பமைப்பு படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் இது கடவுச்சொல் பிரச்சினையே இல்லை. வட்டு பழுதாகத் தொடங்கியிருக்கலாம். அங்கேயே நிறுத்தி, பேக்கப் எடுத்து, வன்பொருள் ஆளைக் கூப்பிடுங்கள்.

வட்டு நன்றாக இருந்தால் 'எல்எஸ்ஆட்டர்' கட்டளையை ஷேடோ கோப்பின் மீது ஓட்டுங்கள். வரிசையில் ஐ என்ற எழுத்து தெரிந்தால், யாரோ கோப்பை மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பை இறுக்குவதாகச் சொல்லும் சில ஸ்கிரிப்டுகள் இதைச் செய்துவிட்டுப் போகும். அதுவும் இல்லையென்றால், பாதியில் செத்த ஏதோ ஒரு கட்டளை /ஈடிசி அடைவில் ஷேடோ.லாக் என்று ஒரு கோப்பை விட்டுப் போயிருக்கலாம். பயனர் கணக்குகளைத் திருத்தும் கட்டளை எதுவும் இப்போது ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதை நீக்குங்கள். கடைசியாக 'பிடபிள்யூசிகே' கட்டளையைச் சின்ன ஆர் கொடியோடு ஓட்டினால், எதையும் மாற்றாமல், கோப்புகளில் உடைந்த வரி இருந்தால் காட்டும்.

அறிகுறி 4: இரவில் ஓட வேண்டிய வேலை ஓடவில்லை, பிழையும் இல்லை

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி. மனிதர் நுழைய முடியாவிட்டால் கூப்பிடுவார். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை யாரையும் கூப்பிடாது.

ஒரு நிறுவனத்தில் பேக்கப் வேலைக்கென்று ஒரு கணக்கு. தினமும் இரவு இரண்டு மணிக்கு அது ஓடும். தணிக்கைக்குத் தயாராவதற்காக எல்லாக் கணக்குக்கும் 90 நாள் விதியைப் போட்டேன். அந்தப் 'எல்லா'வில் பேக்கப் கணக்கும் இருந்தது. 91-ஆவது நாள் காலை எட்டு மணிக்கு அதன் கடவுச்சொல் காலாவதியானது. அன்று இரவு பேக்கப் ஓடவில்லை. அடுத்த இரவும் ஓடவில்லை. எச்சரிக்கைச் செய்தியை நுழைபவரின் திரையில்தான் காட்டும். அந்தக் கணக்கில் நுழைகிற மனிதர் யார்? சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்து ஒரு கோப்பை மீட்கப் போனபோதுதான், கடைசி பேக்கப் ஒன்பது நாள் பழையது என்று கண்டேன். கோப்பு வேறு இடத்தில் கிடைத்தது. ஆனாலும் அந்தத் தேதியைத் திரையில் பார்த்த கணம் வயிற்றில் இறங்கிய குளிர் இன்னும் நினைவில் இருக்கிறது.

சோதனை: கிரான் லாகில் 'ஆத்தென்டிகேஷன் டோக்கன் இஸ் நோ லாங்கர் வேலிட்' என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் விஷயம் உறுதி. ஸ்கிரிப்டைத் திருத்தாதீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

தீர்வு: அந்தச் சேவைக் கணக்குக்கு அதிகபட்ச நாளை நீக்குங்கள். சேஜ் கட்டளையில் பெரிய எம் கொடிக்குக் கழித்தல் ஒன்று. சின்ன எம் குறைந்தபட்ச நாள், மாற்றித் தட்டிவிட வேண்டாம். கூடவே அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைப் பூட்டிவிடுங்கள், யாரும் உள்ளே வந்து கட்டளை தட்ட முடியாதபடி அதன் ஷெல்லை நோலாகின் ஆக்க முடியுமானால் ஆக்குங்கள். கடவுச்சொல்லைக் கொண்டு யாரும் நுழைய முடியாத கணக்குக்குக் காலாவதி வைப்பதில் பயன் இல்லை. தணிக்கையாளரும் இந்த விளக்கத்தை ஏற்பார், எழுத்தில் பதிவு செய்து வைத்திருந்தால்.

பூட்டினால் மட்டும் போதுமே என்று நினைக்காதீர்கள். பூட்டிய கணக்குக்கும் நாள் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும், காலாவதியானால் கிரான் நிற்கும். புதிதாகச் சேவைக் கணக்கு உருவாக்கும்போது யூசர்ஆட் கட்டளையில் சின்ன ஆர் கொடியைச் சேர்த்தால், அது சிஸ்டம் கணக்காக, காலாவதித் தகவலே இல்லாமல் பிறக்கும்.

ரூட் கணக்கையும் ஒரு தடவை பாருங்கள். ரூட்டின் கடவுச்சொல் காலாவதியானால் ரூட்டின் கிரான் வேலைகளும் இதே போல் ஓசையில்லாமல் நின்றுவிடும்.

அறிகுறி 5: எஸ்எஸ்எச் சாவியோடு வருபவருக்குத் தொல்லை

எஸ்எஸ்எச் தொலைநுழைவில் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பை வைத்திருப்பவர் கோப்பு அனுப்பும்போதோ, ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி ஓடும்போதோ 'பாஸ்வேர்ட் சேஞ்ச் ரிக்வயர்ட் பட் நோ டிடிஒய்' என்று வரும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், ஆனால் தட்டுவதற்கு முனையம் இல்லை என்று பொருள். 'நான் சாவிதானே பயன்படுத்துகிறேன், கடவுச்சொல் எதற்கு?' என்று கேட்பார்கள். சாவி அடையாளத்தை மட்டும்தான் நிரூபிக்கிறது. கணக்கு செல்லுமா என்று பிஏஎம் தனியே கேட்கும், அங்கே காலாவதி மாட்டிக்கொள்ளும். மனிதர் என்றால் ஒரு தடவை நேரடியாக நுழைந்து மாற்றச் சொல்லுங்கள். இயந்திரக் கணக்கு என்றால் மேலே சொன்ன தீர்வுதான்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கைப் பூட்டியும் அவர் நுழைய முடிகிறது! பாஸ்வேர்ட் கட்டளை போடும் பூட்டு கடவுச்சொல்லைத்தான் பூட்டுகிறது. பிஏஎம் வழியாகப் போகும் எஸ்எஸ்எச்சில் சாவி இன்னும் வேலை செய்யும். உண்மையில் கணக்கை மூட வேண்டுமானால் சேஜ் கட்டளையில் பெரிய ஈ கொடிக்குச் சுழியம் கொடுங்கள். அவருடைய வீட்டு அடைவில் உள்ள ஆத்தரைஸ்ட் கீஸ் கோப்பையும் நகர்த்திவையுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் அமர்வுகள் இதனால் அறுபடாது, அவற்றைத் தனியே முடிக்க வேண்டும்.

அறிகுறி 6: விதியை மாற்றினேன், யாருக்கும் அமலாகவில்லை

லாகின்.டெஃப்ஸ் கோப்பில் அதிகபட்ச நாளை 90 ஆக்கியிருப்பீர்கள். பழைய பயனர்களைப் பார்த்தால் இன்னும் 99999 இருக்கும். அந்தக் கோப்பு இனிமேல் பிறக்கப்போகும் கணக்குகளுக்கு மட்டும்தான். இருப்பவர்களுக்குச் சேஜ் கட்டளையால் ஒவ்வொருவருக்காகப் போட வேண்டும். போடுவதற்கு முன் பட்டியல் எடுத்துச் சேவைக் கணக்குகளைப் பிரித்துவையுங்கள். அறிகுறி 4-இல் நான் செய்யாமல் விட்டது அதைத்தான். மாற்றி வெகுநாள் ஆனவர்கள் எல்லோரும் அன்றே காலாவதியாவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். துறை துறையாகப் போடுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம்.

பிடபிள்யூகுவாலிட்டி.கான்ஃப் கோப்பில் ஒரு பிழையைப் பல சர்வர்களில் பார்த்துவிட்டேன். 'குறைந்தது ஓர் எண் வேண்டும்' என்று நினைத்து டிகிரெடிட்டுக்கு 1 என்று எழுதுகிறார்கள். கூட்டல் எண் கட்டாயமாக்காது, சலுகை தரும். எண் இருந்தால் நீளத்தில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். கட்டாயமாக்கக் கழித்தல் 1 என்று எழுத வேண்டும். நான்கு வகைக்கும் (பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு) கூட்டல் ஒன்று போட்டு, குறைந்தபட்ச நீளம் 12 என்று வைத்தால், நான்கு வகையும் கலந்த எட்டெழுத்துக் கடவுச்சொல் உள்ளே போய்விடும். விதியை இறுக்கியதாக நினைத்துத் தளர்த்தியிருப்பீர்கள்.

ரூட்டாகச் சோதித்து 'விதி வேலை செய்யவில்லை' என்று முடிவுக்கு வராதீர்கள். ரூட்டுக்கு எச்சரிக்கை மட்டும் வரும், தடுக்காது. சாதாரணப் பயனராகச் சோதியுங்கள்.

ரெட் ஹாட்டில் பிஏஎம் கோப்பைக் கையால் திருத்தி, சில நாளில் திருத்தம் காணாமல் போனால், 'ஆத்செலக்ட்' கட்டளை அதை மேலெழுதியிருக்கிறது. அதன் வழியாகவே மாற்றுங்கள். உபுண்டுவில் 'பாம் ஆத் அப்டேட்'. எதில் திருத்தினாலும் இன்னொரு சாளரத்தில் ரூட் அமர்வைத் திறந்தே வைத்திருங்கள். புதிய சாளரத்தில் நுழைந்து பார்த்த பிறகுதான் அதை மூட வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து யாரும் விடாதீர்கள்.

சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் வகையை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அதிகபட்சக் காலத்தைச் சொல்லும் மேக்ஸ்வீக்ஸ் வாரக் கணக்கு. பழக்கத்தில் 90 என்று எழுதினால் 630 நாள். 13 என்று எழுதுங்கள்.

90 நாள் விதியே தேவையா என்று கேட்டால், மனிதர்களின் கணக்குக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இலேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் நாள் வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டியது. நாள் வைத்தால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். குறியீடு கேட்டாலும் இதே கதை. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் மீதான இணையத் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் களவு போனது. விசாரணைக் குழுவின் அறிக்கையில், ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லேதான், ஏ-வுக்கு அட் குறியும் ஓ-வுக்குச் சுழியமும் போட்டது, என்று வந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு நான்கும் அதில் இருந்தன. நீளத்தைக் கூட்டி, அகராதிச் சோதனையை இயக்கி, இரண்டாம் அடுக்கு உறுதிப்பாடு வைப்பதே மேல். ஆனால் நிதி நிறுவனம் என்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பாதுகாப்பு அறிவிப்பு 2020 ஆகஸ்ட் 6 அன்று நடப்புக்கு வந்தது. நிர்வாகக் கணக்குகளைக் காப்பதும் பல அடுக்கு உறுதிப்பாடும் அதில் சட்டக் கடமை. விதியைத் தளர்த்துவதற்கு முன் இணக்கப் பிரிவிடம் கேளுங்கள்.

அறிகுறி 7: ரூட்டாகவே நுழைய முடியவில்லை

வேறு யாருக்காவது சுடோ (ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் உரிமை) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பத்து நொடி வேலை. இல்லையென்றால் இயந்திரத்தை மறுபடி தொடங்கி, பூட் மெனுவில் வரியைத் திருத்தி, ரூட் ஷெல்லுக்குள் போய், கோப்பமைப்பை எழுதும் நிலைக்கு மாற்றி, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு ஓடும் சர்வரில், கோப்புகளுக்குப் பாதுகாப்பு முத்திரையை மறுபடி இடும்படி '.ஆட்டோரீலேபல்' என்ற வெற்றுக் கோப்பை எல்லா அடைவுக்கும் மேலே உள்ள / அடைவில் வைக்காவிட்டால், மாற்றிய பிறகும் யாராலும் நுழைய முடியாமல் போகலாம்.

சோதனை இயந்திரத்தில் ஒரு தடவைகூட இதைச் செய்து பார்க்காதவர், உற்பத்தி சர்வரில் செய்ய வேண்டாம். வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால், பூட் மெனுவுக்கே கடவுச்சொல் இருந்தால், அல்லது தரவுத்தளம் ஓடும் சர்வர் என்றால், பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு வெள்ளி, தரவுத்தளம் பாதியில் அறுந்தால் ஆகும் செலவின் முன் ஒன்றும் இல்லை.

அறிகுறி 8: பட்டியலில் தெரியாத ஐபி, யாரும் இல்லாத நேரம்

ஃபெயில்லாக் பட்டியலிலோ, தவறிய நுழைவுகளைக் காட்டும் 'லாஸ்ட்பி' கட்டளையிலோ அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத முகவரிகள் தெரிந்தால், முதலில் 'லாஸ்ட்' கட்டளையில் அதே முகவரி வெற்றிகரமாக நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தோல்விகள் மட்டும் என்றால் இணையத்துக்குத் திறந்த சர்வர் எல்லாவற்றுக்கும் வருவதுதான். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவி மட்டும் என்று ஆக்குங்கள்.

ஒரே ஒரு வெற்றி இருந்தாலும், அல்லது நீங்கள் மாற்றாத கடவுச்சொல்லின் மாற்றிய நாள் நேற்று என்று சேஜ் காட்டினாலும், இந்தக் குறிப்பின் எல்லை அங்கே முடிகிறது. கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், கணக்கை அழிக்காதீர்கள், சர்வரை மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஃபெயில்லாக் பதிவு தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, மறுதொடக்கத்தில் போய்விடும். நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கலாமா என்பதைப் பாதுகாப்புக் குழு சொல்லட்டும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட தகவல் கசிந்தது என்று நிறுவனம் மதிப்பிட்டால், மூன்று நாட்காட்டி நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் நீங்கள் முதலில் பார்த்த நேரத்தைத் தாளில் எழுதுங்கள். ஃபெயில்லாக் பட்டியலையும் ஆத்.லாக் அல்லது செக்யூர் கோப்பையும் வேறு இயந்திரத்துக்கு நகலெடுத்துவிட்டு, அப்போதே மேலாளரைக் கூப்பிடுங்கள், அதிகாலை மூன்று மணியானாலும் சரி.